ஜிகோரோ கானோ: சண்டைக்காரரா, வாத்தியாரா?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ நிஜமாகவே சண்டை தெரிந்த ஆளா, இல்லை அமைப்பு நடத்தத் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியார்தானா என்பது ஒன்று. ஜப்பானின் பழைய கைச்சண்டை வித்தையான ஜுஜுட்சுவில் இருந்த ஆபத்தான அடிகளை எல்லாம் கழற்றிவிட்டு அதைப் பல் பிடுங்கிய பாம்பாக ஆக்கிவிட்டார் என்கிறார்களே, அது உண்மையா என்பது இன்னொன்று.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வாத்தியார் புத்தி இருந்ததால்தான் அவர் அந்த அடிகளை ஒதுக்கினார். ஒதுக்கியதால்தான் அவருடைய மாணவர்கள் மற்ற பள்ளிக்காரர்களைத் தூக்கி எறிந்தார்கள். இதை விளங்கிக்கொள்ள அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

கானோ 1860 டிசம்பர் 10 அன்று மிகாகே என்ற கடலோர ஊரில் பிறந்தார். இன்று அது கோபே நகரத்துக்குள் அடக்கம். சாக்கே எனப்படும் அரிசி மதுவுக்குப் பெயர் போன வட்டாரம். கானோ குலத்தாரின் மது ஆலைகள் இன்றும் அங்கே ஓடுகின்றன. வசதியான குடும்பம்தான். அப்பா மட்டும் மது வியாபாரத்துக்குப் போகாமல் கப்பல் போக்குவரத்து, அரசாங்க வேலை என்று இருந்தார். பத்து வயதுக்குள்ளேயே அம்மா இறந்துவிட்டார். அதன் பிறகு அப்பா பையனை டோக்கியோவுக்கு அழைத்துக்கொண்டு போய், இங்கிலீஷ் சொல்லித்தரும் பள்ளிகளில் சேர்த்தார். ஜப்பான் தன் பழைய சட்டையைக் கழற்றி எறிந்துகொண்டிருந்த காலம் அது. 1868-இல் ஷோகன் எனப்படும் ராணுவத் தலைவர்களின் ஆட்சி முடிந்தது. 1876-இல் சாமுராய்கள் வாள் ஏந்தித் திரிவதற்கே தடை வந்தது.

பையன் படிப்பில் கெட்டி, உடம்பில் நோஞ்சான். வளர்ந்த பிறகும் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலத்தைத் தாண்டவில்லை. விடுதிப் பள்ளியில் பெரிய பையன்கள் அவரைப் போட்டு அடித்தார்கள். பலம் இல்லாதவன் பலசாலியை வெல்ல ஜுஜுட்சு என்று ஒரு வித்தை உண்டு என்று கேள்விப்பட்டு, வீட்டுக்கு வந்துபோகும் பெரியவர்களிடம் கற்றுத்தரச் சொல்லிக் கெஞ்சினார். அவருடைய நினைவுக் குறிப்புகளில் இந்தப் பகுதி வேடிக்கையாக இருக்கும். ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர், வித்தை தெரிந்தவர்களே, "இந்தக் காலத்துக்கு அது எதற்கு?" என்று தட்டிக் கழித்தார்கள். அப்பாவுக்கும் விருப்பமில்லை. ஜுஜுட்சு அப்போது அவ்வளவு மதிப்பிழந்து கிடந்தது. வித்தை தெரிந்தவர்கள் பிழைப்புக்காக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கானோவுக்கு வழி திறந்ததும் அந்தக் கட்டுப் போடும் கடைகளில்தான். 1877-இல், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருஷம், எலும்பு வைத்தியர்களின் பெயர்ப்பலகையைத் தேடித் தேடி அலைந்தார். யாகி தெய்னோசுகே என்ற முதியவர் தன்னால் முடியாது என்று சொல்லி ஃபுகுடா ஹாசினோசுகே என்பவரிடம் அனுப்பினார். தென்ஜின் ஷின்யோ ரியூ என்ற பள்ளியைச் சேர்ந்தவர். சின்ன இடம், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள். ஒருநாள் ஒரு எறியைப் போட்டுக் காட்டியதும், கையை எங்கே வைக்க வேண்டும், காலை எப்படி வைக்க வேண்டும் என்று கானோ கேட்டார். பதிலுக்கு ஃபுகுடா மறுபடி தூக்கிப் போட்டார். திரும்பக் கேட்டார், திரும்ப விழுந்தார். விழுந்து விழுந்துதான் புரியும் என்பது அந்தக் கால வாத்தியார்களின் கொள்கை. காயங்களுக்குப் பூசிய களிம்பின் நாற்றத்தை வைத்தே கானோ வருவதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உடன் படித்தவர்கள் கிண்டல் செய்தார்களாம்.

இங்கேதான் ஆள் யார் என்று தெரிகிறது. அந்த டோஜோவில், அதாவது பயிற்சிக்கூடத்தில், ஃபுகுஷிமா என்று ஒரு தடியன் இருந்தார். கானோவால் அவரை அசைக்கவே முடியவில்லை. சுமோக்காரர்களின் உத்தியைக் கேட்டு முயன்றார், பலிக்கவில்லை. அப்புறம் நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டி, ஆளின் காலிடுக்கில் கையைக் கொடுத்துத் தோளுக்குக் குறுக்கே ஏற்றிப் போடும் ஒரு எறியைக் கண்டுபிடித்தார். நண்பர்களிடம் பழகிப் பார்த்துவிட்டு ஃபுகுஷிமாவை அதே முறையில் தூக்கிப் போட்டார். இன்று ஜூடோவில் கட்டா குருமா என்று சொல்லித்தரும் எறி அது. அடி வாங்கியதும் நூலகத்துக்குப் போகிறவர் எப்படிப்பட்ட சண்டைக்காரர் என்று நினைத்துப் பாருங்கள்.

1879-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் கிராண்ட் ஜப்பான் வந்தபோது, தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சியின் மாளிகையில் அவருக்கு ஜுஜுட்சு காட்டியவர்களில் கானோவும் இருந்தார். சில நாட்களிலேயே ஃபுகுடா காலமானார். பள்ளியின் சுவடிகளை அவர் குடும்பம் கானோவிடமே கொடுத்தது. அடுத்து அதே பள்ளியின் இசோ மசடோமோவிடம் போனார். அவரும் 1881-இல் இறந்துவிட்டார். மூன்றாவதாகக் கிடைத்தவர் ஈகுபோ சுனெடோஷி. இவருடைய கிடோ ரியூ எறிகளுக்குப் பெயர் பெற்றது. முந்தைய பள்ளி கழுத்து நெரிப்பு, கீழே அமுக்கிப் பிடிப்பது, உயிர்நிலைகளில் அடிப்பது ஆகியவற்றில் தேர்ந்தது. இரண்டு பள்ளியையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு இருபது வயதுப் பையனுக்குக் கிடைத்தது. பயிற்சிக் குறிப்புகளை அவர் இங்கிலீஷில் எழுதி வைத்தார் என்பது எனக்குப் பிடித்த ஒரு சின்னத் தகவல்.

ஈகுபோவை அதுவரை அவரால் எறிய முடிந்ததில்லை. ஒருநாள் அடுத்தடுத்து எறிந்துகொண்டே இருந்தார். வாத்தியார் திகைத்துப்போய் என்ன செய்தாய் என்று கேட்டார். கானோ சொன்ன காரணம் இதுதான்: மனிதன் நேராக நிற்கும்போது அவனை எறிவது கடினம். தள்ளினால் அவன் எதிர்த்துத் தள்ளுவான்; அந்த நேரத்தில் இழுத்தால் முன்னால் சரிவான். இழுத்தால் பின்னுக்குச் சாய்வான். அப்போது தள்ள வேண்டும். முதலில் நிலை குலைய வேண்டும், அப்புறம்தான் எறி. இந்த நிலைகுலைப்புக்கு ஜூடோவில் குசுஷி என்று பெயர். பழைய பள்ளிகளிலும் இது இருந்தது. ஆனால் எந்த எறிக்கு எந்தத் திசையில் குலைக்க வேண்டும் என்று வகுத்து, சாதாரணப் பையனுக்கும் சொல்லித்தரக்கூடிய பாடமாக மாற்றியவர் கானோ. இனி உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை என்று ஈகுபோ அவருக்குக் குருவுக்கான உரிமத்தைக் கொடுத்தார்.

ஆகவே முதல் கேள்விக்கு: ஆம், சண்டை தெரிந்த ஆள்தான். ஐரோப்பாவில் கல்வி முறையைப் பார்த்துவிட்டு 1891 தொடக்கத்தில் கப்பலில் திரும்பியபோது, தன்னைவிட மிகப் பெரிய ரஷ்யக் கடற்படை அதிகாரி ஒருவரைத் தளத்தில் எறிந்த கதை ஜூடோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையில் எறியைவிட, அந்த அதிகாரியின் தலை தரையில் மோதாமல் கானோ கையைக் கொடுத்துத் தாங்கியதைத்தான் கூட்டம் ரசித்ததாம். ஆனால் பந்தயக் களத்தில் தன் பெயரை நிலைநாட்டியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அதைச் செய்தவர்கள் அவருடைய மாணவர்கள்.

1882-இல், 21 வயதில், டோக்கியோவின் ஈஷோஜி என்ற புத்த கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கும் இடத்தை வாடகைக்குப் பிடித்துக் கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். முதல் வருஷம் சேர்ந்தவர்கள் 9 பேர். ஆட்கள் விழுகிற விழுகையில் தரைப் பலகை உடைந்தது. சன்னதியில் வைத்திருந்த முன்னோர்களின் பெயர்ப் பலகைகள் ஆடி விழுந்தன. பிக்குவின் வசவைக் கேட்டுக்கொண்டு, இரவில் மெழுகுவத்தியுடன் தரைக்கு அடியில் தவழ்ந்து போய் உடைந்த மரத்தை முட்டுக்கொடுத்துச் சரிசெய்வது கானோவின் வேலை. அதே வருஷம் பிரபுக் குலப் பிள்ளைகள் படிக்கும் ககுஷுயின் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பகலில் அங்கே பாடம், இரவில் பணத்துக்காக மொழிபெயர்ப்பு, நடுவில் டோஜோ. மாணவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். அன்றைய ஜுஜுட்சு பள்ளிகளில் பலவற்றில் பயிற்சி என்றால் பெரும்பாலும் காட்டா. ஒருவர் இப்படித் தாக்குவார், மற்றவர் இப்படி மடக்குவார் என்று முன்கூட்டியே எழுதி வைத்த நாடகம். காரணம் எளிது. கண்ணில் குத்துவது, விரலை ஒடிப்பது, முழங்காலை உடைப்பது போன்றவற்றை நிஜ வேகத்தில் பழகினால் இரண்டாம் நாள் பழக ஆள் இருக்காது. ஆகவே மிக ஆபத்தான அடிகளைத்தான் மிக மெதுவாகவும் ஒப்புக்கும் பழக வேண்டியிருந்தது. கானோ இதைத் திருப்பிப் போட்டார். எதிராளி முழு பலத்தோடு எதிர்க்கும்போதும் பெரிய காயம் இல்லாமல் செய்யக்கூடியவை எவையோ அவற்றை மட்டும் தாராளப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் பயிற்சிக்குப் பெயர் ரண்டோரி. எறி, அமுக்கு, கழுத்து நெரிப்பு, பிற்பாடு முழங்கை மூட்டில் மட்டும் பூட்டு. கூடவே விழும் கலை: கையால் பாயை அறைந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி விழப் பழகிவிட்டால் நாளுக்கு நூறு முறை விழலாம்.

விளைவு என்ன? கோடோகான் பையன் ஒருவன் வாரத்தில் ஆறு நாள், தன்னை எதிர்க்கிற ஆளை, பல ஆயிரம் தடவை எறிந்து பழகியிருந்தான். எதிரில் நின்ற பழைய பள்ளிக்காரருக்குப் பயங்கரமான அடிகள் நூறு தெரிந்திருக்கலாம். ஒன்றைக்கூட எதிர்க்கிற ஆளிடம் முழுசாகப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். டோக்கியோ காவல்துறை 1880-களின் இரண்டாம் பாதியில் நடத்திய பந்தயங்களில், அன்று பெரும் பெயர் பெற்றிருந்த டொட்சுகா என்ற ஜுஜுட்சு பள்ளிக் கூட்டத்தாரை கோடோகான் அணி அநேகமாக முழுதும் வென்றது. 1886 என்றும் 1888 என்றும் வருஷத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். முடிவில் சந்தேகமில்லை. யோகோயாமா சகுஜிரோ, யமாஷிடா யோஷிட்சுகு, சைகோ ஷிரோ, டோமிடா சுனெஜிரோ ஆகிய நால்வருக்கும் நான்கு காவல் தெய்வங்கள் என்றே பட்டம். யமாஷிடா பிறகு வாஷிங்டன் போய், வெள்ளை மாளிகையில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே ஜூடோ சொல்லிக் கொடுத்தார்.

ஒதுக்கிய அடிகளை அவர் குப்பையில் போடவும் இல்லை. குத்து, உதை, கத்திக்கு எதிரான தற்காப்பு எல்லாம் காட்டாக்களில் இன்றும் இருக்கின்றன. ரண்டோரியில் அனுமதி இல்லை, அவ்வளவுதான். இன்றைய கிளப்புகளில் முக்கால்வாசிப் பேர் காட்டா பக்கமே போவதில்லை என்பது வேறு விஷயம். அந்தக் குற்றத்தை கானோ தலையில் கட்டக் கூடாது.

கருப்பு பெல்ட் சமாச்சாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலருக்கும் அதில் குழப்பம். பழைய பள்ளிகளில் தகுதி என்பது சில சுவடிகள், சில உரிமங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக வருஷக்கணக்கில் ஆகும். பிள்ளைகளுக்கு அடிக்கடி ஒரு படி ஏறினால்தான் ஊக்கம் வரும் என்பது கானோவின் கணக்கு. கோ என்ற பலகை விளையாட்டில் இருந்த டான் என்ற தகுதிப் படி வரிசையை எடுத்து, 1883-இல் சைகோவுக்கும் டோமிடாவுக்கும் முதல் டான் கொடுத்தார். சில வருஷம் கழித்து டான் பெற்றவர்கள் கருப்பு பெல்ட் கட்டும் வழக்கம் வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாம் பிற்பாடு ஐரோப்பாவில் பரவியவை. 1922-இல் ஒகினாவாவிலிருந்து கிசின் ஃபுனகோஷி என்ற பள்ளி ஆசிரியர் கராத்தேயைக் காட்ட டோக்கியோ வந்தபோது, கானோ அவரைக் கோடோகானுக்கு அழைத்துச் செய்துகாட்ட வைத்து, டோக்கியோவில் தங்கவும் ஊக்கம் கொடுத்தார். ஃபுனகோஷி அப்புறம் ஜூடோவின் வெள்ளை உடையையும் டான் வரிசையையும் கராத்தேக்குள் கொண்டுவந்தார். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மொட்டை மாடியில் கராத்தே பழகும் பிள்ளை இடுப்பில் கட்டியிருப்பதற்கு மூலம் இதுதான். கானோ யாரிடமும் டான் வாங்கியதில்லை. கொடுக்கிற இடத்தில் இருந்தவருக்கு யார் கொடுப்பது? பன்னிரண்டாம் டான் பெற்றார் என்பதும், வெள்ளை பெல்ட்டோடு புதைக்கச் சொன்னார் என்பதும் பின்னால் யாரோ கட்டிவிட்ட கதைகள்.

ஜூடோக்காரர்கள் அதிகம் பேசாத பாதி ஒன்று உண்டு. வாழ்நாள் முழுக்க அவருக்குச் சம்பளம் கொடுத்தது கல்வித் துறை. 1891-இல் குமாமோட்டோவில் உயர்நிலைக் கல்லூரித் தலைவரானபோது, ஜப்பானைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற லஃப்காடியோ ஹெர்னை ஆசிரியராக வேலைக்கு எடுத்தார். 1893 முதல் டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவர். நடுவில் சில இடைவெளிகளோடு 1920 வரை அந்த நாற்காலியில் இருந்தார். நாட்டின் பள்ளி ஆசிரியர்களை உருவாக்கிய முதன்மைக் கல்லூரி அது. பிற்காலத்தில் பெரும் நாவலாசிரியரான நட்சுமே சோசெகியை அங்கே இங்கிலீஷ் ஆசிரியராக அமர்த்தினார். மாணவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று கானோ சொன்னதும், அது என்னால் ஆகாது என்று சோசெகி கைவிரித்தாராம். இவ்வளவு நேர்மையாகச் சொல்கிற ஆள்தான் வேண்டும் என்று கானோ விடவில்லை. தன்னை எப்படி வளைத்துப் போட்டார் என்று சோசெகியே பிறகு ஒரு சொற்பொழிவில் சிரித்துக்கொண்டு சொன்னார்.

சீனாவிலிருந்து வரும் மாணவர்களுக்காகக் கோபுன் கல்லூரி என்ற ஒன்றையும் நடத்தினார். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஜப்பானிய மொழியும் நவீனப் பாடங்களும் படித்துவிட்டுப் போனார்கள். 1902-இல் வந்து சேர்ந்த ஒருவர்தான் சீன நவீன இலக்கியத்தின் தந்தை என்று சொல்லப்படும் லூ சுன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கட்டத்தில் இது உறுத்தும்.

1909-இல் பிரெஞ்சுத் தூதர் வழியாக, நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்தான் அழைப்பு அனுப்ப, சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினர் ஆனார் கானோ. 1911-இல் ஜப்பானின் தேசிய விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். 1912-இல் ஸ்டாக்ஹோமுக்கு அவர் அழைத்துப் போன வீரர்கள் இரண்டே பேர். ஒருவர் குறுந்தூர ஓட்டக்காரர் யாஹிகோ மிஷிமா. மற்றவர் கானோவின் கல்லூரி மாணவர் ஷிசோ கனகுரி, மாரத்தான். கல்லூரியில் எல்லா மாணவர்களும் நெடுந்தூரம் ஓட வேண்டும் என்று கானோ வைத்த விதிதான் கனகுரியைக் கண்டெடுத்தது. கனகுரி கதையைச் சொல்லாமல் நகர மனசு வரவில்லை. ரயிலிலும் கப்பலிலுமாக இரண்டு வாரத்துக்கு மேல் பயணம் செய்து போய்ச் சேர்ந்தவர், பந்தய நாளின் கடும் வெயிலில் பாதியில் சுருண்டு, வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கினார். வெட்கத்தில் பந்தய அதிகாரிகளிடம் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். அவர்கள் கணக்கில் அவர் காணாமல் போனவர். 1967-இல், 75 வயதில், ஸ்வீடன்காரர்கள் அவரை அழைத்து மீதி ஓட்டத்தை ஓடி முடிக்க வைத்தார்கள். நேரம்: 54 வருஷம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிஷம், சொச்சம் விநாடிகள்.

இந்தியத் தொடர்பும் ஒன்று உண்டு. தாகூர் தன் சாந்திநிகேதனுக்கு ஜப்பானிலிருந்து ஜூடோ ஆசிரியர்களை வரவழைத்தார். 1905-இல் வந்தவர் ஜின்னோசுகே சானோ. 1929-இல் கோடோகானில் தேர்ந்த ஷின்சோ டகாகாகி வந்து மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

இனி அவர் மீது வைக்கத் தகுந்த குறைகள். ஆபத்தான அடிகளை எடுத்தார் என்பது என் பார்வையில் குறையே இல்லை. தரைச் சண்டையில் அவர் செய்தது கொஞ்சம் விவாதத்துக்கு உரியது. 1900 வாக்கில் ஃபுசென் ரியூ என்ற ஜுஜுட்சு பள்ளியைச் சேர்ந்த மட்டாஎமோன் டனாபே நின்று மோதாமல் கீழே இழுத்துப் போட்டு கோடோகான்காரர்களைத் தோற்கடித்தார் என்பார்கள். அதன் பிறகு கோடோகானிலும் தரை வித்தை வளர்ந்தது. 1914 முதல் கியோட்டோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் நடந்த உயர்கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் அது எல்லை கடந்து போனது. மூன்று வருஷப் படிப்புக்குள் நல்ல எறி கைவராது, தரை வித்தை வந்துவிடும் என்று மாணவர்கள் கணக்குப் போட்டார்கள். கானோவுக்கு இது பிடிக்கவில்லை. தெருவில் இரண்டு பேர் தாக்கினால் தரையில் படுத்துக்கொண்டு ஒருவனை நெரித்துக்கொண்டிருக்க முடியுமா என்பது அவர் வாதம். 1925-இல் கோடோகான் விதிகள் தரைச் சண்டையைக் கட்டுப்படுத்தின. அவர் சொன்ன காரணம் தர்க்கத்தில் சரி. ஆனால் எதிர்க்கிற ஆளிடம் எது பலிக்கிறதோ அதுவே வித்தை என்று ஆரம்பித்தவர், பலித்த ஒன்றை விதி போட்டுத் தடுத்தார் என்பதும் உண்மை.

தடுத்த அந்தக் கிளை வேறு மண்ணில் முளைத்தது. கோடோகானில் வளர்ந்த மிட்சுயோ மைடா 1904-இல் டோமிடாவோடு அமெரிக்கா போனார். பிறகு ஊர் ஊராகப் பணத்துக்குச் சண்டை போட்டு, 1914-இல் பிரேசில் சேர்ந்து, அங்கே கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்தார். பிரேசிலிய ஜியு ஜிட்சுவின் தொடக்கம் அது. இன்றைய கூண்டுச் சண்டை வரைக்கும் அந்தக் கோடு நீள்கிறது. பணத்துக்குச் சண்டை போடுவதை வெறுத்த கானோவுக்கு இந்த வாரிசு பிடித்திருக்காது.

வயதான காலத்தில் அவருக்குத் தன் பள்ளி மேலேயே அதிருப்தி இருந்தது. பந்தயத்தில் தோற்கக் கூடாது என்று குனிந்து, கைகளை விறைத்து, மாடுகள் முட்டிக்கொள்வதுபோல் நிற்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். நேராக, இயல்பாக நிற்கச் சொன்னார். 1928-இல் பழைய போர்க்கலைகளை ஆராய ஒரு குழுவைக் கோடோகானுக்குள்ளேயே அமைத்தார். 1930-இல் மொரிஹெய் உஎஷிபாவைப் பார்த்துவிட்டு, தான் மனசில் வைத்திருந்த கலை இதுதான் என்று பாராட்டி, மினோரு மொச்சிசுகி போன்ற மாணவர்களை அவரிடம் கற்றுவர அனுப்பினார். உஎஷிபாவின் கலைக்குத்தான் பிறகு ஐக்கிடோ என்று பெயர் வந்தது. தன் பிள்ளைகளை இன்னொரு குருவிடம் அனுப்பும் குருவை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெரிய உறுத்தல் அரசியலில். 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவர எழுபது வயதுக்கு மேல் உலகம் சுற்றினார். 1936-இல் பெர்லினில் அது கைகூடியது. அடுத்த வருஷமே ஜப்பான் ராணுவம் சீனாவுக்குள் முழுப் போரைத் தொடங்கியது. 1938 மார்ச்சில் கெய்ரோவில் கூடிய ஒலிம்பிக் குழுவில், போட்டியை ஜப்பானிடமிருந்து பறிக்க வேண்டும் என்ற குரல்களுக்கு நடுவே, விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்று வாதாடி அதைத் தக்கவைத்தார். தானும் பிறரும் சேர்ந்து செழிக்க வேண்டும் என்பதை ஜூடோவின் குறிக்கோளாக 1922-இல் அறிவித்தவர் அவர். ஆயிரக்கணக்கான சீனப் பிள்ளைகளைத் தன் கல்லூரியில் வைத்துப் படிக்க வைத்தவர். அந்தப் பிள்ளைகளின் ஊர்கள் எரிந்துகொண்டிருந்தபோது இந்த வாதத்தை வைத்தார். ராணுவக்காரர்களோடு அவர் கொஞ்சிக் குலாவவில்லை என்பார்கள், சரி. ஆனாலும் அவர் பெயரால் அன்றைய ஜப்பானுக்கு ஒரு கௌரவம் கிடைத்தது என்பதை மறைக்க முடியாது.

கெய்ரோவிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா வழியாகத் திரும்பியவர் வான்கூவரில் ஹிகாவா மாரு என்ற கப்பலில் ஏறினார். நிமோனியா கண்டு, 1938 மே 4 அன்று நடுக்கடலில் இறந்தார். வயது 77. விஷம் வைத்தார்கள் என்று ஒரு வதந்தி உலவுகிறது. ஆதாரம் எதையும் யாரும் காட்டியதில்லை. இரண்டு மாதம் கழித்து ஜப்பான் அரசே ஒலிம்பிக்கை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. அந்தக் கப்பல் இப்போது யோகோஹாமா துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது, போனால் ஏறிப் பார்க்கலாம்.

ஜூடோ ஒலிம்பிக்குக்குள் வந்தது 1964-இல், அதுவும் டோக்கியோவில். எடை வரம்பில்லாத பிரிவின் இறுதியில் ஹாலந்தின் ஆன்டன் கேசிங்க் ஜப்பானின் அகியோ கமினாகாவைத் தரையில் அமுக்கி வென்றார். ஆறரை அடி ஆள். சின்னவன் பெரியவனை வெல்லும் கலை என்று சொல்லிவந்தவர்களின் வாயை அடைத்தது அந்தத் தோல்வி. எடைப் பிரிவுகளை நியாயப்படுத்த இதைவிட நல்ல சான்று கிடையாது.

பெண்கள் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவருடைய நல்லதும் கெட்டதும் அங்கே ஒன்றாகக் கிடக்கின்றன. 1890-களிலேயே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1926-இல் கோடோகானில் பெண்கள் பிரிவையே திறந்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் பெண்கள் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்று வைத்துவிட்டார். தன் முதல் குரு ஃபுகுடாவின் பேத்தி கெய்கோவை 1930-களில் அவரே நேரில் அழைத்துச் சேர்த்தார். கெய்கோ வெளிநாடு போய்க் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த அம்மாளும் அதைச் செய்தார், கடைசி வரை சான்பிரான்சிஸ்கோவில் வகுப்பு நடத்தினார். பெண்ணுக்கு ஐந்தாம் டானுக்கு மேல் கிடையாது என்ற கோடோகான் வழக்கத்தால் நீண்ட காலம் அதே படியில் நிறுத்தி வைக்கப்பட்டார். 1972-இல்தான் ஆறாம் டான் வந்தது. 2006-இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, கோடோகான் ஒன்பதாம் டான் கொடுத்தது; அதைப் பெற்ற முதல் பெண் அவர். பெண்கள் ஜூடோ ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியானது 1992-இல், பார்சிலோனாவில். ஆண்களுக்கு 28 வருஷம் பின்னால்.